அத்தியாயம் 6: மருந்தடிக்காத முன்வளவு

மே மாதம் பிறந்து நாலு நாள் வெயில் எறித்தால் போதும், ஒன்ராறியோவில் வீட்டு முன்வளவெல்லாம் டான்டெலியன் மஞ்சளாகப் பூத்துவிடும். 2009க்கு முன்பு இந்தப் பூவைக் கண்டதும் தொலைபேசியை எடுத்துக் கம்பனிக்காரரைக் கூப்பிடுவது பலருக்கு வழக்கம். லொறி வரும். ஒருவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து புல் முழுக்க மருந்து விசிறுவார். போகும்போது சின்ன அறிவிப்புப் பலகை ஒன்றைக் குத்திவிட்டுப் போவார்: புல்லில் நடக்கவேண்டாம், பிள்ளைகளையும் நாயையும் விடவேண்டாம். ஒரு மஞ்சள் பூவுக்காகச் சொந்த வளவுக்குள் பிள்ளையை விடமுடியாமல் இருந்த காலம் அது.

அந்த வழக்கம் எப்படி நின்றது, இன்னும் நிற்காத ஊரில் அதை எப்படி நிறுத்துவது, நின்ற ஊரில் புல்லை எப்படிப் பராமரிப்பது என்பவைதான் இந்த அத்தியாயம். ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா போன்ற மாகாணங்களில் இருப்பவர்களுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் நடுப்பகுதியைப் பாய்ந்து, புல்லைப் பற்றிய பகுதிக்கு நேரே போகலாம். அல்பேட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாகாணம் முழுவதற்குமான தடை இல்லை. அங்கே இருப்பவர்கள் முதலிலிருந்து வாசிப்பது நல்லது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் புல்வெளியில் பீடைகொல்லியைக் குறைக்க எந்த வழி பலித்தது என்று கனடாவில் 2004ஆம் ஆண்டு ஒரு மதிப்பாய்வு செய்தார்கள். துண்டுப்பிரசுரம், விளம்பரம், பயிற்சி வகுப்பு என்று கற்பித்தலை மட்டும் நம்பிய இடங்களில் பாவனை 10 முதல் 24 சதவீதம் வரைதான் குறைந்திருந்தது. ஊர்ச் சபை துணைவிதி ஒன்றைக் கொண்டுவந்து, அதோடு கற்பித்தலையும் சேர்த்து நடத்திய இடங்களில் 51 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. சபைக் கூட்டத்தில் “சட்டம் எதற்கு, சனத்துக்கு எடுத்துச் சொன்னால் போதாதா” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்குச் சொல்ல வேறு பதில் தேடவேண்டியதில்லை.

தொடங்கிவைத்த சிற்றூர்

மொன்றியலுக்கு மேற்கே, ஒட்டாவா ஆற்றங்கரையில், ஹட்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சனத்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். ஜூன் ஏர்வின் என்ற தோல்வைத்தியர் அந்த ஊர்ச் சபைக் கூட்டங்களுக்கு 1985 முதல் விடாமல் போனார். தன்னிடம் வரும் நோயாளிகளின் தோல் தொல்லைகளுக்கும் புல்லுக்கு அடிக்கும் மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று அதைச் சொன்னார். உறுப்பினர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர் சலிக்கவில்லை.

1991 மே மாதம் ஹட்சன் சபை 270ஆம் இலக்கத் துணைவிதியை நிறைவேற்றியது. அதன் அமைப்பை ஊன்றிப் பாருங்கள், பிறகு பயன்படும். முதலில் ஊர் முழுவதிலும் பீடைகொல்லி பாவிப்பதைத் தடுத்தார்கள். அடுத்து, எங்கெல்லாம் பாவிக்கலாம் என்று எழுதினார்கள்: நீச்சல் குளம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, வீட்டுக்குள், மரம் உளுத்துப்போகாமல் காப்பதற்கு, மனிதருக்கு ஆபத்தான உயிரினங்களுக்கு, ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கேடு செய்யும் செடிகளுக்கு. கோல்ஃப் மைதானங்களுக்கு ஐந்து வருட அவகாசம் கொடுத்தார்கள். விவசாயிகள் தாங்கள் வைத்திருக்கும் மருந்துகளைப் பதிவு செய்தால் போதும் என்றார்கள். ஆக, அழகுக்காக அடிப்பது மட்டும்தான் வலைக்குள் சிக்கியது.

அடுத்த வருடமே இரண்டு புல்வெளி மருந்துக் கம்பனிகள் மீது சபை வழக்குப் போட்டது. எங்களுக்கு மாகாணத்தின் உரிமம் இருக்கிறது, மருந்தை மத்திய அரசு அங்கீகரித்திருக்கிறது, இடையில் ஒரு சிற்றூர் வந்து எப்படித் தடுக்கும் என்று கம்பனிகள் நீதிமன்றம் போயின. 1993இல் தோற்றன. மேல்முறையீட்டில் 1998இல் தோற்றன. 2001 ஜூன் 28ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றத்திலும் தோற்றன. ஏழு நீதிபதிகளும் ஊர்ப் பக்கம் நின்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி க்ளெயர் லெரூ-டுபே எழுதினார். சட்டம் வேண்டும் என்று நினைக்கும் எவரும் அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்களை விளங்கிக்கொள்ளவேண்டும். முதலாவது, குடிமக்களின் பொதுநலம் கருதி விதி செய்ய ஊர்ச் சபைக்கு மாகாணச் சட்டம் கொடுத்திருந்த பொது அதிகாரமே போதும் என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது, மத்திய, மாகாண, ஊர்ச் சட்டங்கள் மூன்றையும் ஒருவர் ஒருசேரக் கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்டது. ஊர்ச் சட்டம் கடுமையாக இருந்தால் அதைக் கடைப்பிடிப்பவர் மற்ற இரண்டையும் மீறுவதில்லை. ஆகவே மோதலும் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஹலிஃபாக்ஸ் 2000ஆம் ஆண்டே துணைவிதி கொண்டுவந்து 2003இல் முழுமையாக்கியிருந்தது. கியூபெக் 2003இல் மாகாணம் முழுவதற்கும் விதிக்கோவை கொண்டுவந்தது. தனியார் புல்வெளிகளுக்கு அது 2006இல் முழுமையாக வந்து சேர்ந்தது. ரொறொன்ரோ மாநகரசபையின் துணைவிதி 2003 மே மாதம் நிறைவேறி 2004 ஏப்ரல் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பீடைகொல்லித் தொழில் அமைப்பு அதை எதிர்த்து வழக்காடி 2005இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. கடைசியில் 2009 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று, ஒன்ராறியோ மாகாணத் தடை வந்தது. 250க்கு மேற்பட்ட பொருட்கள் கடைத் தட்டுகளிலிருந்து போயின. மாகாணச் சட்டம் வந்ததும் ரொறொன்ரோத் துணைவிதி தேவையற்றதாகிச் செயலிழந்தது. நல்ல துணைவிதிக்கு இதைவிட மரியாதையான முடிவு கிடையாது.

“நஞ்சா?” என்று வாதிடாதீர்கள், “தேவையா?” என்று கேளுங்கள்

துணைவிதிக்காகச் சபைக்குப் போகும் பலர் சறுக்குவது இங்கேதான். புல்வெளிகளில் அதிகம் அடிக்கப்பட்ட களைக்கொல்லி 2,4-டி. அகன்ற இலைச் செடிகளைக் கட்டுமட்டில்லாமல் வளரவைத்துக் கொல்லும், புல்லைத் தொடாது. 1945 முதல் சந்தையில் இருக்கும் பொருள். உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அதை “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” என்ற வகையில் சேர்த்தது. கனடாவின் மத்திய அரசோ, லேபிளில் சொன்னபடி பாவித்தால் ஏற்கத்தகாத ஆபத்து இல்லை என்கிறது. நீங்கள் முதலாவதைக் காட்டுவீர்கள். கம்பனியின் சட்டத்தரணி இரண்டாவதைக் காட்டுவார். உறுப்பினர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆராய்வோம்” என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

ஹட்சன் இந்தப் பொறிக்குள் போகவில்லை. இது உயிர்கொல்லி நஞ்சு என்று நிரூபிக்க அது முயலவில்லை. இன்னின்ன தேவைக்குப் பாவிக்கலாம், வெறும் அழகுக்குப் பாவிக்கவேண்டாம் என்றது. அத்தியாவசியமான பாவனை, அத்தியாவசியமில்லாத பாவனை என்ற அந்தப் பிரிவைத்தான் உச்ச நீதிமன்றமும் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டது. முன்னெச்சரிக்கைக் கொள்கை அதற்குத் துணையாக வந்தது: பாரதூரமான கேடு வரலாம் என்ற நிலையில், முழு நிச்சயம் இல்லை என்பதைச் சாட்டாக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது.

சபையில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். விஞ்ஞானக் கட்டுரைகளை அடுக்காமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: டான்டெலியனால் யாருக்கு என்ன நட்டம்? அதைப் போக்குவதற்காக, அடித்ததை விரும்பாத பக்கத்து வீட்டுக்காரரும் ஏன் சுவாசிக்கவேண்டும்? செருப்பிலும் நாயின் காலிலும் ஒட்டி வீட்டுக்குள் வருவது வெயிலும் மழையும் படாமல் கம்பளத்தில் கன நாள் கிடக்கும் என்றால், அதில் தவழும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இரசாயனப் பட்டம் தேவையில்லை. ஆகவேதான் உறுப்பினர்கள் இவற்றைக் காதில் வாங்குவார்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே மத்திய சட்டம் ஊர்களைத் தடுக்கவில்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் விஸ்கான்சின் வழக்கொன்றில் சொன்னது. உடனே தொழில் அமைப்புகள் மாநில சபைகளுக்குப் போய், ஊர்கள் தனியே விதி செய்யக்கூடாது என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் வாங்கிவிட்டன. மேய்ன், மேரிலாந்து போன்ற சில இடங்களில்தான் வாசல் திறந்திருக்கிறது. மேரிலாந்தின் மொன்ட்கொமரி கவுண்டி 2015இல் துணைவிதி செய்து, கீழ்நீதிமன்றத்தில் தோற்று, 2019இல் மேல்நீதிமன்றத்தில் வென்றது. உங்கள் மாநிலத்தில் தடை இருந்தால் உங்கள் வேலை நகர மண்டபத்தில் அல்ல, மாநிலத் தலைநகரில்.

துணைவிதியை எழுதும்போது

சபை சம்மதித்துவிட்டது என்றால் வரைவு எழுதுவது நகரசபைச் சட்டத்தரணியின் வேலை. ஆனால் வரைவு வெளிவந்ததும் நீங்கள் வரிவரியாக வாசிக்கவேண்டும், ஏனென்றால் ஓட்டைகள் பெரும்பாலும் விலக்குகளுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

“கடும் பீடைத் தொல்லை இருந்தால் பாவிக்கலாம்” என்று பொதுவாக எழுதியிருந்தால் அது சட்டமே அல்ல. எது கடும் தொல்லை, யார் தீர்மானிப்பது, அனுமதிப் பத்திரம் வேண்டுமா? இவற்றுக்குப் பதில் அந்த வரியிலேயே இருக்கவேண்டும். ஹலிஃபாக்ஸ் ஆரம்பத்தில் பாடசாலை, வைத்தியசாலை, நோயாளி என்று பதிவு செய்தவரின் வீடு ஆகியவற்றைச் சுற்றி 50 மீற்றருக்குத் தடை போட்டு, பிறகு முழுத்தடைக்கு வந்தது. சபை தயங்கினால் அந்தப் படிமுறையைக் கேட்டு வாங்கலாம். ஆனால் முழுத்தடை தொடங்கும் திகதியையும் அதே துணைவிதியிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அடுத்த தேர்தலில் அது மறைந்துபோகும்.

விலக்குகளில் சண்டை பிடிக்கக்கூடாதவையும் உண்டு. தொட்டால் தோல் வெந்துபோகும் நச்சு ஐவி, கொட்டினால் உயிராபத்தாகும் குளவி, மேற்கு நைல் வைரஸைப் பரப்பும் நுளம்பு. இவற்றுக்கு மருந்து தேவைப்படலாம். இவற்றையும் தடுக்கப்போனால் உங்கள் பக்கம் இருந்தவர்களே விலகிவிடுவார்கள்.

விற்பனைதான் மிக முக்கியம். நகரசபைக்குப் பொதுவாகப் பாவனையைத் தடுக்கும் அதிகாரம்தான் உண்டு, விற்பனையைத் தடுப்பது மாகாணம். ரொறொன்ரோவில் துணைவிதி இருந்த ஐந்து வருடமும் அதே நகரத்துக் கடைகளில் போத்தல்கள் விலைக்குக் கிடந்தன. கடையில் சட்டப்படி விற்கிறார்கள், வீட்டில் அடித்தால் குற்றம் என்றால் சாதாரண மனிதனுக்கு அது விளங்காது. ஒன்ராறியோவின் சட்டம் கடைத் தட்டைத் தொட்டதால்தான் அவ்வளவு வேகமாகப் பலித்தது என்பது என் கணிப்பு. துணைவிதி கிடைத்த அன்றே மாகாண உறுப்பினருக்கான கடிதத்தை எழுதத் தொடங்குங்கள். முழுத்தடை கிடைக்காவிட்டாலும், பசளையோடு களைக்கொல்லி கலந்த பையையாவது நிறுத்தச் சொல்லுங்கள். பத்து டான்டெலியனுக்காக வளவு முழுக்க நஞ்சைத் தூவும் அந்தப் பொருளுக்கு நியாயம் எதுவுமே இல்லை. வேறு விடயங்களில் தடை போடத் தயங்கிய அல்பேட்டாகூட அந்தப் பையின் விற்பனையை 2010இல் நிறுத்தியது.

தண்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். ரொறொன்ரோ முதலில் தன் பூங்காக்களில் மருந்தைக் குறைத்துக்கொண்டுதான் சனத்திடம் வந்தது. சட்டம் வந்த பிறகும் எச்சரிக்கைதான் முதலில். தண்டம் கம்பனிகளுக்கு முன்னதாகவும், வீட்டுக்காரர்களுக்குப் பிந்தியும் வந்தது. இந்த ஒழுங்கு சரியானது. ஒரு கம்பனி நாளொன்றுக்கு எத்தனையோ வளவுகளில் அடிக்கிறது. வயதான ஒருவர் கராஜில் கிடக்கும் பழைய போத்தலை எடுத்து ஒரு மூலையில் விசிறுகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் சனத்தின் அனுதாபம் அந்த முதியவர் பக்கம் போய்விடும்.

கதவைத் தட்டிப் பேசுவது

துண்டுப்பிரசுரத்தை எவரும் வாசிப்பதில்லை. தபால் பெட்டியிலிருந்து நேரே மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடும். கதவைத் தட்டிப் பேசுவது வேறு.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எங்கே முட்டும் என்று எனக்குத் தெரியும். புற்றுநோய் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார்கள், தேநீரும் தருவார்கள். ஆனால் உண்மையான கவலை வேறு. ஓர் ஐயா வாசலில் நின்று சொன்னார்: “தம்பி, நீர் சொல்லுறது எல்லாம் சரி. ஆனா இந்த றோட்டிலேயே எங்கட வளவுதான் காடா கிடக்குது. பக்கத்து வீட்டு வெள்ளையள் எங்களப் பற்றி என்ன நினைப்பினம்?”

அந்தக் கவலையை ஏளனம் செய்யக்கூடாது. வந்த நாட்டில் குறை சொல்லப்படாமல் வாழவேண்டும் என்ற எண்ணம் அது. அவரிடம், “ஐயா, அந்த வெள்ளையின்ர வளவிலயும் டான்டெலியன் நிக்குது, வாங்கோ பாப்பம்” என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. தெரு முழுவதும் மருந்தை விடும்போது ஒருவருடைய புல் மட்டும் தனியே மோசமாகத் தெரிவதில்லை. வெட்கம் போய்விடுகிறது. கற்பித்தலை மட்டும் நம்பிய ஊர்களில் கணக்கு 24 சதவீதத்தைத் தாண்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். முதலாவதாக விடுகிறவர்தான் பக்கத்து வீட்டாரின் பார்வையைத் தனியே சுமக்கிறார்.

பயமுறுத்துவது ஒரு நாளுக்குத்தான் வேலை செய்யும். அடுத்த நாள் “அப்ப நான் என்ன செய்ய?” என்ற கேள்வி வரும். அதற்குக் கையால் செய்து காட்டும் பதில் இல்லாவிட்டால் அவர் பழைய போத்தலைத் தேடிப்போவார். ஆகவே பேசப்போகும் எவரும் வேரோடு பிடுங்கும் நீளமான கரண்டிக் கோல் ஒன்றைக் கையில் கொண்டுபோகட்டும். அங்கேயே ஒரு டான்டெலியனைப் பிடுங்கிக் காட்டட்டும். காலம் தப்பக்கூடாது. ஏப்ரல் கடைசியும் ஓகஸ்ட் கடைசியும்தான் புல்லைப் பற்றிப் பேசினால் ஏறும் காலம். ஜனவரியில் பனிக்கு மேல் நின்று புல்லைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள்?

தமிழ் வானொலி, கோயில் மண்டபம், தேவாலயம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து காத்திருக்கும் பெற்றோர், எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் நான் முதலில் தேடிப்போகச் சொல்வது புல் வெட்டும் ஆளை. எங்களில் பலர் தாமாகப் புல் வெட்டுவதில்லை. ஒருவர் வாகனத்தில் இயந்திரத்தோடு வந்து தெருவில் பத்து வீட்டுக்கு வெட்டிவிட்டுப் போகிறார். வெட்டுயரத்தை உயர்த்தும்படி அவர் ஒருவருக்குச் சொன்னால் பத்து வளவு திருந்தும். வளவுக்காரருக்கும் செலவில்லை.

புல்லுக்குச் செய்யவேண்டியவை

வெட்டுயரம்தான் அரைவாசி வேலை. இயந்திரத்தின் சில்லில் இருக்கும் நெம்பை உயர்த்தி ஏழு, எட்டு சென்ரிமீற்றருக்கு வையுங்கள். புல் உயரமாக நின்றால் மண்ணுக்கு நிழல் விழும், களை விதை முளைக்க வெளிச்சம் கிடைக்காது, வேரும் ஆழமாகப் போகும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். வெட்டியதை அள்ளவேண்டாம், அதுவே பசளை. உயரமாக விடுங்கள் என்றால் சிலர் ஆறு கிழமை வெட்டாமலே விட்டுவிடுவார்கள். ரொறொன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அதற்கு வேறொரு துணைவிதி இருக்கிறது.

தண்ணீரைக் கிழமைக்கு ஒரு தடவை, ஆழமாக ஊற்றுங்கள். மீன் ரின் பேணி ஒன்றைக் கழுவிப் புல்லில் வைத்துவிட்டு விசிறியைத் திறவுங்கள். பேணியில் இரண்டரை சென்ரிமீற்றர் நிறைந்ததும் மூடிவிடலாம். தினமும் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, ஜூலை வெயிலில் கருகும்.

அந்தப் பேணியை எறியவேண்டாம், இன்னொரு வேலை இருக்கிறது. ஜூலை, ஓகஸ்டில் வெயில் விழும் பக்கத்தில் புல் திட்டுத்திட்டாகக் காய்ந்து, தண்ணீர் ஊற்றியும் பச்சை திரும்பாவிட்டால் சிஞ்ச் பூச்சியாக இருக்கலாம். பேணியின் அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, காய்ந்த திட்டும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் மண்ணுக்குள் அழுத்துங்கள். தண்ணீரை நிரப்பிச் சில நிமிடம் பொறுங்கள். பூச்சி இருந்தால் மிதந்து மேலே வரும்: கறுப்பு உடல், முதுகில் மடிந்த வெள்ளைச் செட்டை, அரிசியைவிடச் சிறியது. வராவிட்டால் வேறு காரணம், பெரும்பாலும் வெறும் வறட்சி. பூச்சி என்று நினைத்து மருந்தடித்த பல வளவுகளுக்குத் தண்ணீர்தான் தேவைப்பட்டிருக்கும்.

அடுத்தது வெண்புழு. இலையுதிர் காலத்தில் ரக்கூனும் ஸ்கங்க்கும் இரவில் வந்து புல்லைக் கிளறிப் புரட்டினால் அவை தேடுவது இந்தப் புழுவைத்தான். வண்டின் குடம்பி, சி எழுத்துப் போல வளைந்து கிடக்கும். வேரைத் தின்றுவிடுவதால் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவதுபோலக் கையோடு வரும். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தைப் புரட்டி எண்ணிப்பாருங்கள். இரண்டு மூன்று என்றால் விட்டுவிடுங்கள், நல்ல புல் அதைத் தாங்கும். பத்துக்கு மேல் என்றால் நெமற்றோடு வாங்கவேண்டும். இது கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, தோட்டக் கடைகளில் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பார்கள். தண்ணீரில் கலந்து விட்டால் மண்ணுக்குள் போய், வெண்புழுவின் உடலுக்குள் நுழைந்து, தான் காவும் பற்றீரியாவை அதற்குள் விடும். ஓரிரு நாளில் வெண்புழு செம்மண் நிறமாகிச் சாகும். பிள்ளைக்கும் நாய்க்கும் மண்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது.

நெமற்றோடு பலிக்கவில்லை என்று குறைப்படுபவர்களிடம் எப்போது, எப்படி விட்டீர்கள் என்று கேளுங்கள். மே மாதத்தில் விட்டிருப்பார்கள், அப்போது வெண்புழு பெரிதாகி முரடாகிவிடும். அல்லது காய்ந்த மண்ணில், நடுப்பகல் வெயிலில் விட்டிருப்பார்கள். வெயில் பட்டால் நெமற்றோடு செத்துவிடும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, வெண்புழு சின்னதாக இருக்கும்போது, பின்னேரத்தில், மண்ணை முன்கூட்டியே நனைத்துவிட்டு விடவேண்டும். விட்ட பிறகும் ஒரு கிழமைக்கு மண் காயக்கூடாது. வாங்கிய அன்றே பாவித்துவிடுங்கள். குளிரூட்டியில் ஒரு மாதம் வைத்திருந்தால் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ஓகஸ்ட் கடைசியில் இறுகிய மண்ணைத் துளைத்துக் காற்றுப் போகவிட்டு, கூட்டெருவை மெல்லியதாகப் பரப்பி, மேலே புல்விதை தூவுங்கள். களைக்கு எதிரான உண்மையான மருந்து அடர்த்தியான புல்தான். கிராப்கிராஸ் தொல்லை என்றால் இலைதுளிர் காலத்தில், ஃபோர்சித்தியா மஞ்சளாய்ப் பூக்கும்போது சோளக் குளூற்றன் தூள் தூவலாம். முளைக்கும் விதை வேர்விடுவதை அது தடுக்கும். ஆனால் அதே நேரத்தில் புல்விதை தூவினால் அதுவும் முளைக்காது. இரும்புக் கலவைக் களைக்கொல்லி ஒன்றை ஒன்ராறியோவில் சட்டப்படி விற்கிறார்கள். சில மணித்தியாலத்தில் டான்டெலியனைக் கறுப்பாக்கிவிடும். நடைபாதைக் கொங்கிரீட்டில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

வெள்ளைக் குளோவரைக் களை என்று பிடுங்கவேண்டாம். அது மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும், வறட்சியிலும் பச்சையாக நிற்கும். 2,4-டி வருமுன் புல்விதைப் பைகளில் அதையும் வேண்டுமென்றே கலந்து விற்றார்கள். அந்த மருந்து குளோவரையும் கொன்றதால்தான் அது களையாகிப்போனது.

பழைய போத்தல், புதிய கணக்கு

கராஜில் இன்னும் பழைய களைக்கொல்லிப் போத்தல் கிடக்கும் வீடுகள் உண்டு. அதை சிங்கிலோ வீதியோர வடிகாலிலோ ஊற்றவேண்டாம். வீதி வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேரே பக்கத்து ஓடைக்குத்தான் போகிறது. ஸ்காபரோவில் என்றால் ஹைலண்ட் ஓடை, பிறகு ஒன்ராறியோ வாவி. மூடியை இறுக்கி, லேபிளைக் கிழிக்காமல், வீட்டு ஆபத்துக் கழிவுகளை ஏற்கும் நகர நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

துணைவிதி கேட்டுப் போராடுகிறவர்கள் இந்த ஓடைகளை வேறொரு காரணத்துக்காகவும் மறக்கக்கூடாது. ஒன்ராறியோ தன் சட்டம் பலித்ததா என்று அறியப் பத்து நகர ஓடைகளில், தடைக்கு முந்தைய 2008இலும் தடை வந்த 2009இலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தது. ஒரே வருடத்தில் 2,4-டியின் அளவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. தடைக்கு முந்தைய வருடத்து மாதிரிகள் கையில் இல்லாதிருந்தால் அந்த ஒப்பீடே நடந்திருக்காது. துணைவிதி நிறைவேறுவதற்கு முந்தைய கோடையிலேயே ஓடைத் தண்ணீரைச் சோதிக்கும்படி சபையிடம் கேளுங்கள். செலவு என்று மறுத்தால், வீடு வீடாகக் கேட்கும் கருத்துக்கணிப்பையாவது செய்யச் சொல்லுங்கள்.

எதற்கு இவ்வளவு அவசரம்? சட்டம் வந்தால் நிலைக்கும் என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை. கியூபெக்கின் தடையை எதிர்த்து, 2,4-டி தயாரித்த டவ் நிறுவனம் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் கனடா மீது வழக்கே தொடுத்தது. 2011இல் நட்டஈடு எதுவும் இல்லாமல் அது முடிந்தது, தடையும் நின்றது. மனிற்றோபாவின் தடைக்கு அப்படி நடக்கவில்லை. களை எடுக்கச் செலவு கூடிவிட்டது என்று நகரசபைகளே முறையிட்டன. பாடசாலை, விளையாட்டிடம், வைத்தியசாலை போன்றவற்றைத் தவிர்த்து மற்ற இடங்களில் மாகாணம் 2022இல் தடையைத் தளர்த்தியது. முறையிடுகிறவர்கள் செலவுக் கணக்கோடு வருவார்கள். உங்களிடம் இருக்கவேண்டியது தண்ணீர்க் கணக்கு. அதை ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரில் சபைக்குக் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியவைத்துக்கொள்ளுங்கள்.